நூற்றுப்பத்து சென்டிமீட்டர்

சைக்கிள் அறுபது யூரோ.
கண்ணாடிக்குள் தொங்கிய பூட்டு எழுபத்தைந்து.
சுண்டைக்காயைத் தூக்கிச் சாப்பிடும் சுமைகூலி என்று
கடை வாசலிலேயே நின்றுவிட்டேன்.
யெல்மர் உள்ளே போய்விட்டிருந்தான்.

இது மூன்றாவது சைக்கிள்.
முதலாவதை ரயில் நிலையத்தில் விட்டான்.
மாலையில் போய்ப் பார்த்தால்
முன்சக்கரம் மட்டும் கம்பியோடு கட்டுண்டு நின்றது,
சொன்ன சொல்லைக் காப்பாற்றிய ஒரே ஆள் மாதிரி.
இரண்டாவதைப் பூட்டவே இல்லை.
"ரெண்டு நிமிஷம்தான்மா."
க்ரோனிங்கனில் இரண்டு நிமிஷம் என்பது
ரொம்ப நேரம்.

பௌமா ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் போட்டார்.
விழுகிற சத்தத்தை வைத்தே விலையைச் சொல்லிவிடலாம்.
பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய வடம்:
"இது பூட்டில்லை அம்மணி, வேண்டுகோள்."
எண் பூட்டு:
"பிப்ரவரி மாதம், இருட்டில், கையுறையோடு திருப்பிப் பாருங்கள்."
யூ வடிவ இரும்பு நல்லதுதான்,
ஆனால் கம்பத்தை ஒட்டி நிறுத்த இடம் வேண்டும்.
பள்ளியில் எண்ணூறு சைக்கிள். கம்பம் எத்தனை?
பின்சக்கரத்து வளையப் பூட்டு ஏற்கெனவே இருக்கிறது.
அது உருட்டிப் போகிறவனை நிறுத்தும்,
தூக்கிப் போகிறவனை வழியனுப்பும்.

ஆகவே சங்கிலி.
எண்பத்தைந்து சென்டிமீட்டர் தாராளம் என்றார் பௌமா.
தாராளம் என்றேன் நானும்.
பல் கட்டும் ஆய்வகத்தில் வேலை எனக்கு,
மயிரிழை கூடினாலும் ராவி எடுப்பவள்.
அவன் நூற்றுப்பத்தை எடுத்து
மாலையாகப் போட்டுக்கொண்டான்.
"இதுதான்."
"மூணு கிலோ இருக்கும்டா."
"நான்தானே தூக்கப்போறேன்."
பதினான்கு வயதில் எல்லாப் பேச்சும்
முழத்துக்குள் முடிந்துவிடுகிறது,
சங்கிலி மட்டும் நீளமாக வேண்டியிருக்கிறது.
தொண்ணூற்று மூன்று.
எண்ணிக் கொடுத்தேன்.

சாவி இரண்டு.
திருட்டுப் போனால் காப்பீட்டுக்காரர்கள் இரண்டையும் கேட்பார்கள்,
ஒன்று குறைந்தாலும் காசு வராது என்றார் பௌமா.
உபரிச் சாவியைச் சிவப்பு நூல் கட்டிச்
சமையலறை ஆணியில் மாட்டினேன்.

அக்டோபரில் ஆணி இருந்தது.
நூலும் இருந்தது.
"சாவி?"
"இருக்கும்மா."
எங்கே என்றதற்கு
ரொட்டியின் ஓரம் வரை வெண்ணெய் தடவினான்.

நவம்பரில் ஒரு வியாழன்,
மருத்துவருக்கு அவசரமாக ஒரு கடைவாய்ப் பல்லைக் கொடுத்துவிட்டுப்
பள்ளி வழியாகத் திரும்பினேன். சாய்மழை.
பூட்டியிருக்கிறானா என்று பார்க்கத்தான் நின்றேன்,
வேறொன்றுமில்லை.

பூட்டியிருந்தான்.
கம்பி. அவனுடைய பச்சைச் சட்டகம்.
அப்புறம் இன்னொரு சட்டகம்:
முன்னால் மஞ்சள் பால்கூடை,
மூடி கழன்ற மணி,
இருக்கைக்குப் பூப்போட்ட குளியல் தொப்பி.
சங்கிலி இரண்டையும் சேர்த்துச் சுற்றி
ஒரு கண்ணிகூட மிச்சமில்லாமல் முடிந்திருந்தது.

சாண் போட்டு அளந்தேன், தொழில் பழக்கம்.
எண்பத்தைந்து எட்டியிருக்காது.

யார் முதலில் வந்தாலும் திறக்கலாம், சாவி இருவரிடமும்.
ஆனால் திறந்தால் மற்றது
மழையில் தனியாக நிற்கும்.
இப்போதெல்லாம் அவன் நாலரைக்கு வருவதன் கணக்கு
அங்கே நின்றபடி எனக்குப் புரிந்தது.
மணி அடித்தது. ஓடாத குறையாகக் கிளம்பினேன்.

ஜனவரியில் காப்பீட்டுப் படிவம்.
இரண்டு சாவிகளும் உங்கள் வசம் உள்ளனவா?
ஆம், இல்லை. இரண்டு கட்டம்.
அதை உப்புச் சாடிக்கு அடியில் செருகினேன்,
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

தெருவெல்லாம் உப்புத் தூவுகிற காலம், பூட்டு துருவேறும்.
பௌமாவிடம் சின்ன எண்ணெய்க் குப்பி ஒன்று வாங்கி
வெறும் ஆணிக்குக் கீழே வைத்தேன்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஒரு பூட்டுக்கு வருஷம் முழுக்க வரும் என்றார் அவர்.
இரண்டே வாரத்தில்
பாதிக்கு வந்திருக்கிறது.